யார் கட்சியிலும் இல்லாத பாட்டு

கல்யாண வீட்டுக்கு செட் போடப் போனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று போன மைக்செட்காரர் சங்கக் கூட்டத்தில் உங்களிடம் கேட்டேன். கரண்ட் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம் என்றான் ஒருவன். ஜெனரேட்டரை எங்கே நிறுத்தலாம் என்று பார்ப்போம் என்றான் இன்னொருவன். இரண்டும் சரிதான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வீட்டில் யாருக்கு யாரோடு ஆகாது என்பதை. வயரில் ஷாக் அடித்தால் உதறிக்கொண்டு எழுந்துவிடலாம். பங்காளிச் சண்டையில் மாட்டினால் எழுந்திருக்க முடியாது. அதைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டதால் எழுதுகிறேன். ஒயரிங் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும்.

எழுபதுகளில், பொள்ளாச்சியை அடுத்து மாநில எல்லையில் இருக்கிற எருத்தேன்பதியில் மைக்செட் வைத்திருந்தேன். பனைமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். இவ்வளவுதான் கம்பெனி. இன்றைக்கு எந்தப் பாட்டை எத்தனை லட்சம் பேர் கேட்டார்கள் என்று போன் சொல்லிவிடுகிறது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அந்த எண்ணிக்கையே நாங்கள்தான். பனைமரத்து உச்சியில் ஒரு பாட்டு ஒரு மாதம் பாடினால் பொள்ளாச்சி கடையில் அந்தத் தட்டு தீர்ந்துபோகும். நாங்கள் போடாத பாட்டு, கடைக்காரர் அலமாரியில் தூசி தின்னும்.

அதில் ஒரு அநியாயம் இருந்தது. படம் ஓடினால் பாட்டும் ஓடும். படம் படுத்தால் எவ்வளவு நல்ல பாட்டானாலும் அதோடு சேர்ந்து படுத்துவிடும். அப்படிப் படுத்த பாட்டுகளைப் பொறுக்கி எடுப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். என் பெட்டியில் பாதி அதுதான். "எவனுமே கேக்காத பாட்டத் தூக்கிட்டுச் சுத்தறானே" என்று மற்ற செட்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தட்டின் முகத்தைப் பார்த்தாலே அதன் தலையெழுத்து எனக்குத் தெரிந்துவிடும். அடிக்கடி ஓடிய பக்கம் முள் உழுது சாம்பல் பூத்திருக்கும். யாரும் போடாத பக்கம் கண்ணாடியாக மின்னும். மின்னுகிற பக்கத்தைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்த என் ஒன்றுவிட்ட மச்சான் ஏற்பாடு. உடுமலைப்பேட்டை வழியாக மலை ஏறிப் போனேன். அந்த எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரைகள் அப்போதுதான் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கிளப்பில் இருந்த சாமான்களை வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார் கிளப் பட்லர். அவருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. ஒரு மூலையில் இசைத்தட்டுக் கட்டு கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. இத யாரு கேக்கப் போறா?" என்றார் பட்லர்.

அதில் ஒரு சின்னத் தட்டு. உறையில் ஒரு கறுப்பின அம்மாவின் படம். கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பாடிக்கொண்டிருந்தார். தட்டின் முன்பக்கம் முழுக்கக் கீறல். பின்பக்கம் ஒரு கோடு இல்லை, புத்தம் புதுசு. போட்டுக் காட்டச் சொன்னேன்.

முதலில் ஆர்கன் மெதுவாக இழுத்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. இனிப்பான குரல் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கரகரப்பு, அடிவயிற்றிலிருந்து எழும்பி வருகிற குரல். எங்கள் ஊரில் பூவோடு, அதாவது தீச்சட்டி, எடுத்து வரும்போது பெண்கள் பாடுவார்களே, சாமியையே அதட்டிக் கூப்பிடுகிற மாதிரி, அந்த உரிமை அதில் இருந்தது. எனக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது.

"என்ன பாடறாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு பொம்பள வாசல்ல நின்னு கூப்பிடுதா. புருசன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். கதவத் தொறந்தே வச்சிருக்கேன், உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு பாடுதா. அவன் கடைசி வரைக்கும் வரல அண்ணாச்சி."

"பின்னே ஏன் இந்தப் பக்கத்த யாருமே போடல?"

"தொரைமாருக்கு ஆடுறதுக்கு வேகமான பாட்டு வேணும். இது மெதுவா நெஞ்சப் புடிச்சு ஒலுக்குது. கையில கிளாஸ வச்சுக்கிட்டு இதக் கேக்க முடியுமா?"

இந்த வகைப் பாட்டுக்கு ஸோல் என்று பெயர், உயிர் என்று அர்த்தம் என்று பிற்காலத்தில் கல்லூரியில் படித்த பையன் ஒருவன் சொன்னான். பேரிலேயே உயிரை வைத்தவர்களுக்கு அதை விற்கத் தெரியவில்லை பாருங்கள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் கோயில் திருவிழாவில் போட்டேன். ஆர்கன் சத்தம் கேட்டதுதான் தாமதம், தர்மகர்த்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஏப்பா, மாரியாத்தா கோயில்ல வேதக்காரங்க பாட்டா போடறே?" என்றார். இது சர்ச் பாட்டு இல்லை என்று விளக்குவதற்குள் தட்டை அவரே தூக்கிவிட்டார். அடுத்து ஒரு டீக்கடைத் திறப்பு விழாவில் போட்டேன். "கடை தொறக்கற அன்னிக்கே அழுவாச்சியா?" என்றார் கடைக்காரர். பொள்ளாச்சி ரெக்கார்டு கடைக்காரரிடம் காட்டினேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அவங்க ஊர்லயே போணி ஆயிருக்காதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு அருமையான பாட்டுக்கு மூன்று வாசலிலும் கதவைச் சாத்தினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் பெட்டியில் மேலாகவே வைத்திருந்தேன்.

இனி அந்தக் கல்யாணம்.

பக்கத்துக் கிராமத்தில் வேலுச்சாமி என்றொரு விவசாயி. நிலக்கடலையும் சோளமும் போடுகிறவர். ஒரே மகள், தெய்வானை. அவளுக்கு முந்தின வருஷம் நிச்சயம் ஆகி, ஏதோ பேச்சு தடித்து, கல்யாணம் நின்றுபோயிருந்தது. அந்த மனுஷன் அதிலேயே பாதியாகிப் போனார். ஒரு தடவை நின்றால் ஊர் பாவம் என்று சொல்லும். இரண்டாம் தடவையும் நின்றால் குற்றம் பெண்ணிடம்தான் என்று முடிவு கட்டிவிடும். பிறகு அந்த வாசலை எந்த மாப்பிள்ளையும் மிதிக்க மாட்டான். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார்கள்.

முந்தின நாள் சாயங்காலமே செட் கட்டினேன். பெண் இருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு கட்டிலைப் போட்டு அதன்மேல் ஆம்ப்ளிபயரை வைத்துவிட்டு, குழாய்க்குப் போகாமல் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிற மாதிரி அந்தத் தட்டைப் போட்டுச் சோதித்தேன். பாட்டு முடிந்ததும் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணா, அதையே இன்னொருக்கா போடுங்ணா."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. "புடிச்சிருக்குதா அம்மணி?" என்றேன்.

"என்னமோ பண்ணுதுங்ணா" என்றாள் தெய்வானை. மறுபடியும் போட்டேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேனில் வந்து, தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் இறங்கினார்கள். அங்கிருந்து மேளத்தோடு அழைத்து வரவேண்டும். மாப்பிள்ளை தெருவில் கால் வைக்கும்போது குழாயில் நல்ல பாட்டாக ஒன்று பாட வேண்டும். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் மாப்பிள்ளை அழைப்பு கிடையாது.

இங்கேதான் வினை. அந்தக் காலத்தில் இரண்டு பெரிய நடிகர்கள். நாடே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பெண்ணின் அண்ணன் ஒரு நடிகருக்கு ரசிகர் மன்றச் செயலாளர். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மற்றவருக்கு மன்றம். வேனில் கொடியே கட்டி வந்திருந்தார்கள். நான் தட்டில் முள்ளை வைக்கப் போகும்போது கூட்டாளிகளில் இரண்டு பேர் ஓடி வந்து, "எங்காளு பாட்டுப் போட்டாத்தான் மாப்ள நடப்பான்" என்றார்கள். பெண்ணின் அண்ணன் ரெக்கார்டு பிளேயர்மேல் கையை வைத்துக்கொண்டு, "எங்க ஊட்ல எங்காளு பாட்டுத்தான் பாடும்" என்றான்.

ஆளுக்கொன்று போடுகிறேன் என்றேன். "மொதல்ல யாருது?" என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் கேட்டார்கள். சாமி பாட்டு ஒன்றை எடுத்தேன். "சாமி பாட்டு விடியக்காலம் போடறதுங்க. மாப்ள வர்றப்பப் போட்டா தேர் வருதுன்னு நெனச்சுக்குவாங்க" என்று அதையும் மறித்தார்கள். சண்டையில் இருந்தவர்கள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். மேளக்காரர்கள் கோயிலடியில் நின்றார்கள். மாப்பிள்ளை நகர்ந்தால்தானே மேளம் நகரும்.

மாப்பிள்ளையின் சித்தப்பா சமாதானம் பேச வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர், சட்டைப் பையில் பேனா குத்தியிருந்தார். "பசங்க ரோசத்துல நிக்கறாங்க. எம் பேச்சையும் கேக்கறதில்ல. இன்னும் செத்த நேரம் போனா வண்டியத் திருப்பீருவாங்க. நல்ல நேரமும் முடியப் போகுது" என்றார். வேலுச்சாமி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகனைப் பார்த்து, "சாமி, உம் பொறந்தவளப் பாருடா" என்று மட்டும் சொன்னார். மகன் தலையைக் குனிந்தானே தவிர கையை எடுக்கவில்லை. ரோசம் வந்தால் எங்கள் பக்கத்தில் பெற்ற தகப்பன் பேச்சும் காதில் ஏறாது.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து தெய்வானை மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நேத்துப் போட்டீங்களே, அந்த இங்கிலீசுப் பாட்டு. அதப் போடுங்ணா. அது யாரு கட்சியிலயும் இல்லீங்ல்ல?"

கையில் தட்டை எடுத்தேன், போட முடியவில்லை. அந்தப் பாட்டின் அர்த்தம் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். கோபித்துக்கொண்டு போன புருஷன் திரும்பி வராத பாட்டு. மாப்பிள்ளை தெருமுனையில் முறுக்கிக்கொண்டு நிற்கும் கல்யாணத்தில், அதுவும் ஒருமுறை நின்றுபோன பெண்ணுக்கு, இதைப் போடலாமா? போடாவிட்டால் வேன் திரும்பும். போட்டு யாருக்காவது அர்த்தம் தெரிந்தால் அதைவிடக் கேவலம். சித்தப்பாவின் பேனாவைப் பார்த்தேன். இங்கிலீஷ் தெரிந்தவர், என்னிடமிருந்து கையெட்டும் தூரத்தில் நிற்கிறார்.

தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க ஒன்றும் கிடைக்காது. கேட்கிறவன் சொல்லைக் கேட்பானா, குரலைக் கேட்பானா என்று ஒரே ஒரு கேள்விதான் எனக்குள் இருந்தது. என் நெஞ்சுக்குள் அது எப்படி இறங்கியது என்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அன்றைக்கு எந்தச் சொல்லும் தெரியாது. பெண்ணின் அண்ணனிடம், "கைய எடு கண்ணு. இது உங்காளு பாட்டும் இல்ல, அவுங்காளு பாட்டும் இல்ல" என்றேன்.

"பின்னே யாருதுங்க?"

"அமெரிக்காவுல ஒரு அம்மா."

"அவுங்க எந்தப் பக்கம்?"

"அவங்களுக்கு உங்க ரெண்டு பேரு ஆளையும் தெரியாது."

அவன் கையை எடுத்துவிட்டான்.

முள்ளை வைத்தேன். பனைமரத்திலிருந்து அந்தக் குரல் இறங்கியது. தெருவில் பேச்சு அடங்கியது. பந்தலில் இலை நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சண்டைக்கு வந்த இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி குழாயைப் பார்த்தார்கள். அதில் ஒருவன் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்து, "சார், என்ன பாடுதுங்க?" என்று கேட்டான்.

அவர் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பந்தக்காலில் சாய்ந்திருந்த வேலுச்சாமியைப் பார்த்தார்.

"கதவு தொறந்திருக்குது, உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு கூப்படறாங்க" என்றார். "மாப்ள அழைக்கற பாட்டுத்தான். போயி அவனக் கூட்டிட்டு வாங்கடா."

அவர்கள் ஓடினார்கள். மேளம் அசைந்தது. மாப்பிள்ளை தெருவில் கால் வைத்தான். நல்ல உயரம், அமைதியான முகம். காலையிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்கவில்லை. கூட்டாளிகள் பேசியதெல்லாம் அவன் பெயரில்தான். பாதித் தெரு வரும்போது பாட்டு முடிந்துவிட்டது. சின்னத் தட்டு, அவ்வளவுதான் வரும். அவன் நின்றான். எனக்கு உயிரே போய்விட்டது. அவன் என் பக்கம் பார்த்து, மேளத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னான்.

"ஏனுங்க, அதையே இன்னொருக்கா போடுங்க."

ஜன்னலுக்குள் வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பாட்டை இன்னொரு முறை போடச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் அதுவரை இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கும்தான் அன்றைக்குக் கல்யாணம். நான் சந்தோஷத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூடவே வைத்துவிட்டேன். தாலி கட்டி முடியும்வரை இரண்டு மன்றத்துக்காரர்களும் மாறி மாறி அதே பாட்டைக் கேட்டார்கள். தங்கள் ஆள் பாட்டை யாரும் கேட்கவில்லை.

பந்தியில் சித்தப்பா எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "அந்தப் பாட்டுக்கு அர்த்தம் தெரிஞ்சுதான் போட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியுமுங்க. தெரிஞ்சுதான் நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

"நா பொய் ஒண்ணும் சொல்லலியே. பாதி சொன்னேன். மிச்சப் பாதிக்கு என்ன அவசரம்?" என்று சொல்லி ரசம் கேட்டார். அவரைப் போன்ற ஒரு ஆள் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தப் பாட்டுத்தான். "உள்ள வாங்க பாட்டு" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அன்று தட்டைத் தூக்கிய தர்மகர்த்தாவே தன் மகன் கல்யாணத்துக்கு வந்து கேட்டார். மின்னிக்கொண்டிருந்த பின்பக்கம் சில வருஷத்தில் சாம்பல் பூத்தது. கோயம்புத்தூரில் தேடினேன், மெட்ராசுக்கு ஆள் விட்டுத் தேடினேன், இன்னொரு தட்டு கிடைக்கவில்லை. அந்த அம்மா வேறு ஏதாவது பாடினாரா, அவர் ஊரில் அவரை யாராவது கொண்டாடினார்களா, எனக்குத் தெரியாது. கொண்டாடியிருந்தால் அந்தத் தட்டு கிளப் மூலையில் கிடந்திருக்காது என்று நினைக்கிறேன். படிப்பவர்களில் யாராவது அமெரிக்காவின் பாட்டு வரிசைப் பட்டியலைத் தேடிப் பார்த்தால் அவர் பெயர் அடியில்கூட இருக்காது. எருத்தேன்பதிப் பட்டியலில் பல வருஷம் அவர்தான் முதல்.

நல்ல பாட்டு தோற்பதற்குப் பாட்டு காரணமில்லை என்பதுதான் என் அனுபவம். அது போய்ச் சேர வேண்டிய வாசல் ஒன்று எங்கேயோ இருக்கும். அதுவரை பெட்டியில் மேலாக வைத்திருப்பது நம் வேலை. எல்லாரும் கேட்கிற பாட்டைப் போட மெஷினே போதும், உங்களுக்கு எதற்குக் கூலி? தெருமுனையில் நிற்கிறவன் ஏன் நிற்கிறான் என்று பார்த்துப் போடுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சாப்பாடு முடிந்து நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குக் கைகொடுத்த பெண்களுக்கெல்லாம் சேலை வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேலுச்சாமி ஒரு தாம்பாளத்தோடு என்னிடம் வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அரக்கு நிறத்தில் ஒரு கைத்தறிச் சேலை.

"ஏனுங்க, அந்தப் பாட்டுப் பாடுன அம்மா எந்தூருன்னு சொன்னீங்க?"

"அமெரிக்காவுங்க. ரொம்பத் தூரம்."

"தூரமா இருந்தா என்னுங்க? எம் புள்ள கண்ணாலத்த நடத்திக் குடுத்தவங்களுக்கு ஒண்ணும் செய்யாம உட்டா நல்லாருக்குமுங்களா?"

அவருக்கு ரெக்கார்டு என்றால் என்ன என்று தெரியும். அந்த அம்மா வரப்போவதில்லை என்றும் தெரியும். ஆனாலும் தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டே நின்றார். நான் வாங்காமல் இருக்க முடியவில்லை.

"உங்ககிட்ட இருக்கட்டுமுங்க" என்றார். "எப்ப வந்தாலும் குடுத்துருங்க."

அந்தச் சேலை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. என் மனைவி வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்து நிழலில் உலர்த்தி, மடிப்பு மாற்றி வைக்கிறாள். நல்ல சேலை, ஒரு தடவை கட்டிப் பாரேன் என்று நானே சொல்லியிருக்கிறேன். "அது எப்படிங்க கட்டறது?" என்பாள். "அது அந்தம்மாளுதுங்க."